ஏரிக்கரையில் வைத்த ஒப்பீனியன்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. எந்த ராஜ்ஜியம், எந்தத் திசை என்று குறுக்கே கேட்கக் கூடாது. கேட்டால் நான் ஏதாவது ஒரு பேரைச் சொல்லிவைப்பேன், அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதை ஆண்டவர் மகுடபூஷண மகாராஜா. நல்ல மனிதர்தான். கோபம் வந்தால் வாளை உருவுவார், உருவிய வாளை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நிற்பார். யாராவது எடுத்துக் கொடுத்துவிட்டால் மட்டும் வெட்டிவிடுவார். எடுத்துக் கொடுப்பதற்குத்தான் சபையில் ஆட்களுக்குப் பஞ்சமில்லையே.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். மகாராஜா வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் எல்லோரும் ஒன்றாகத் தலையை ஆட்டி, "அப்படியே பிரபு!" என்று சொல்லியாக வேண்டும். "இன்று வெயில் அதிகம்" என்றாலும் அப்படியே பிரபு. "எனக்குத் தும்மல் வருகிறது" என்றாலும் அப்படியே பிரபு. ஆட்டி ஆட்டிப் பழகிப்போய், மூத்த அதிகாரிகள் சிலருக்குக் கழுத்து தானாகவே ஆடும். வீட்டில் பெண்டாட்டி திட்டும்போதும் ஆடும். அவர்கள் ஒப்புக்கொண்டதாக நினைத்து அவளும் மேற்கொண்டு திட்டுவாள்.

தலையாட்டுவதில் எல்லோரையும் மிஞ்சியவர் தலைமை மந்திரி வித்யாதரர். மகாராஜா பேசி முடிப்பதற்கு முன்பே ஆட்டத் தொடங்கிவிடுவார். தலையாட்டாமல் தப்பித்துக்கொண்டவன் ஒரே ஒருவன், சபை விகடன் பிச்சாண்டி. சிரிக்க வைப்பது அவன் வேலை என்பதால் அவனை விட்டுவைத்திருந்தார்கள். அந்த ஒரு சலுகைக்காகவே மந்திரிக்கு அவனைக் கண்டால் வயிறு எரியும்.

ஒருநாள் கடிகாரம் விற்கும் வெள்ளைக்கார வியாபாரி ஒருவன் சபைக்கு வந்தான். கூடவே அவன் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு துபாஷியும் வந்திருந்தார். மகாராஜாவுக்கு அப்போது மீசைப் பித்து. காதுவரை வளர்த்து, நெய் தடவி முறுக்கி விட்டிருந்தார். கடிகாரத்தைப் பார்க்காமல், "என் மீசை எப்படி?" என்று வியாபாரியிடம் கேட்டார்.

வியாபாரி தலையைச் சாய்த்து நன்றாகப் பார்த்தான். "இன் மை ஒப்பீனியன்" என்று தொடங்கி ஏதோ சொன்னான். துபாஷிக்கு வேர்த்து ஊற்றியது.

"பிரபு, அவருடைய ஒப்பீனியன்படி, இந்த மீசை தங்கள் திருமுகத்துக்கு அவ்வளவாக எடுப்பாக இல்லையாம்."

மகாராஜாவின் வாள் வெளியே வந்துவிட்டது. துபாஷி தடாலென்று காலில் விழுந்தார். "பிரபு, பொறுத்தருள வேண்டும்! ஒப்பீனியன் என்று முன்னால் சொல்லியிருக்கிறாரே! அப்படிச் சொன்னால், அது அவர் மனசுக்குப் படுவது. அவ்வளவுதான். அளந்து காட்ட முடியாது, சாட்சி வைக்க முடியாது. இன்னொருவர் மனசுக்கு வேறு மாதிரி படும். அவர்கள் ஊரில் இதற்காக யாரும் யாரையும் வெட்டுவதில்லை."

மகாராஜா வாளைப் பிடித்தபடியே யோசித்தார். "சூரியன் கிழக்கே உதிக்கிறது. இது ஒப்பீனியனா?"

"இல்லை பிரபு, அது உண்மை. யார் பார்த்தாலும் கிழக்குதான்."

"சூரியோதயம் அழகாக இருக்கிறது?"

"அது ஒப்பீனியன்."

"என் முகத்தில் மீசை இருக்கிறது?"

"அது உண்மை பிரபு."

"அந்த மீசை அழகு?"

துபாஷி வாளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அதுவும் உண்மைதான் பிரபு. வெள்ளைக்காரருக்கு மட்டும்தான் அது ஒப்பீனியன்."

மகாராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. வாளை உறையில் போட்டார். "ஆகா! தலைக்குச் சேதம் இல்லாமல் மனசில் பட்டதைச் சொல்ல ஒரு சொல்லா! நம் நாட்டில் இல்லாமல் போய்விட்டதே! இன்று முதல் எல்லோரும் ஆளுக்கு ஒரு ஒப்பீனியன் வைத்துக்கொள்ள வேண்டும். இது ராஜகட்டளை!"

"அப்படியே பிரபு!" என்றது சபை.

"அதுதான் கூடாது என்கிறேன்! சொந்தமாகச் சொல்லுங்கள்!"

சொந்தமாக என்றதும் சபை திகைத்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பொக்கிஷ அதிகாரி எழுந்து கைகட்டி, "என் ஒப்பீனியன் யாதெனில், மகாராஜாவின் ஒப்பீனியன் எதுவோ அதுவே" என்றார்.

"அது என்னுடையது அல்லவா! என்னுடையதை எடுத்துக்கொண்டு போய் நீர் என்ன செய்வீர்? உம்முடையதைக் கொண்டு வாரும்!"

பொக்கிஷ அதிகாரி வீட்டுக்குப் போய்ப் பரண்வரைக்கும் தேடினார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

அரண்மனையோடு போயிருந்தால் பரவாயில்லை. சொல் ஊருக்குள் இறங்கிவிட்டது. வைத்தியர் ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, "என் ஒப்பீனியன், ஆள் முடிந்துவிட்டார்" என்றார். நோயாளி எழுந்து உட்கார்ந்து, "என் ஒப்பீனியன், முடியவில்லை" என்றார். இரண்டு பேருக்கும் ஒப்பீனியன் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்பதால், பாடையும் வந்தது, கஞ்சியும் வந்தது. பூசணிக்காய் திருடிப் பிடிபட்டவன் ஒருவன், "இது என் கொல்லையில் காய்த்தது என்பது என் ஒப்பீனியன்" என்று நீதிபதியிடம் சொன்னான். நீதிபதி மரியாதையாக அவனை அனுப்பிவைத்தார். எது மனசுக்குப் படுவது, எது கண்முன்னே கிடப்பது என்ற வித்தியாசமே ஊரில் காணாமல் போய்விட்டது.

மந்திரி வித்யாதரர் மட்டும் இந்தச் சொல்லின் சௌகரியத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். செய்யப் பிடிக்காத வேலை எதுவானாலும், அது தேவையில்லை என்பது என் ஒப்பீனியன் என்று சொன்னால் தீர்ந்தது. அப்புறம் யாரும் அளந்து காட்டச் சொல்ல முடியாது.

அப்போதுதான் ஐப்பசி வந்தது.

அந்த ராஜ்ஜியத்தின் தலைமாட்டில் ஒரு பெரிய ஏரி. ஐப்பசி மழைக்கு முன்னால் அதன் கரைக்கு மண் போட்டு உயர்த்துவது வழக்கம். அதில் ஒரு கண்டிப்பும் உண்டு. முதல் கூடை மண்ணை மகாராஜாவே தலையில் சுமந்து வந்து கொட்ட வேண்டும். அடுத்தது மந்திரி, அதிகாரிகள், பிறகு ஊர் ஜனம். முதல் கூடை விழாமல் கரையில் வேறு யார் மண்வெட்டி வைத்தாலும் ராஜகுற்றம். பழைய ராஜா ஒருவர் நல்ல எண்ணத்தோடு வைத்துவிட்டுப் போன சட்டம். ராஜாக்களைச் சேற்றில் இறக்க வேறு வழி இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மகுடபூஷணருக்கோ சேறு என்றால் ஆகாது. அந்த வருஷம் புதிதாகச் சீனப்பட்டு வேறு வந்திருந்தது. "இந்த வருஷமும் அந்தக் கூடையைச் சுமக்கத்தான் வேண்டுமா?" என்று முனகினார்.

மந்திரி இதற்காகத்தானே காத்திருந்தார். "பிரபு, கரை பாறைபோல் இருக்கிறது என்பது அடியேன் ஒப்பீனியன். கூடை எதற்கு?"

மகாராஜாவின் முகம் மலர்ந்தது. "என் ஒப்பீனியனும் அதுவே!"

"அப்படியே பிரபு!" என்றது சபை. தலையாட்டக் கிடைத்ததில் எல்லோருக்கும் நிம்மதி.

பிச்சாண்டியின் வீடு ஏரிக்கரைக்கு நேர் கீழே, மடைத்தெருவில் இருந்தது. மறுநாள் காலை அவன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது, அவன் மனைவி செங்கமலம் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, நேத்து மீன் ஏதும் வாங்கியாந்தீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"அம்மிக்குப் பக்கத்துல ஒரு கெண்ட கெடந்து துள்ளுது."

பிச்சாண்டி சிரித்தான். "விருந்தாளி தானா வந்திருக்கு. மசாலா அரைச்சுக் கூட்டிட்டு வா."

"சிரிக்காதீங்க. வந்து பாருங்க. அடுப்படி பூரா தண்ணி."

வந்து பார்த்தான். சுவரோரமாகக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறி நின்றது. கொல்லைப்பக்கம் ஓடினார்கள். கரையின் சரிவில், இடுப்பு உயரத்தில், பழைய நண்டு வளை ஒன்று கரைந்து கரைந்து சோற்றுப்பானை வாய் அளவுக்கு ஆகியிருந்தது. அதிலிருந்து கலங்கல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு கட்டி மண் பெயர்ந்து விழுந்தது.

செங்கமலம் கையில் அகப்பட்ட மண்ணை அள்ளிக்கொண்டு போனாள். பிச்சாண்டி அவள் கையைப் பிடித்தான். "போடாதே. முதக் கூடை விழல. பாத்தாங்கன்னா கை போயிரும்."

"மழை பிடிச்சா தெருவே போயிரும்! பக்கத்து வீட்டுப் பொன்னாத்தா பிள்ள பெத்துப் பச்ச உடம்போட படுத்திருக்கா. அவ எங்க ஓடுவா? போங்க. போய் ராசா கால்ல விழுந்தாவது கூட்டியாங்க."

பிச்சாண்டி கெண்டையை ஒரு சட்டியில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு அரண்மனைக்கு ஓடினான். சபை நடுவே சட்டியை வைத்தான்.

"மகாராஜா! ஏரிக்கரையில் ஓட்டை விழுந்திருக்கிறது. இந்த மீன் அதன் வழியாக என் அடுக்களைக்கு வந்தது. தாங்கள் உடனே வந்து முதல் கூடை போட வேண்டும்."

மகாராஜா சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மந்திரியும் வந்து பார்த்தார்.

"பிரபு, இது கத்தரிக்காய் என்பது என் ஒப்பீனியன்."

"கத்தரிக்காயா! சுவாமி, துள்ளுகிறதே!"

"பிஞ்சுக் கத்தரிக்காய். அப்படித்தான் துள்ளும்."

சபையில் தலைகள் ஆடின. ஒரு அதிகாரி, பிஞ்சாக இருந்தால் எண்ணெயில் வதக்கினால் நன்றாக இருக்கும் என்பது தன் ஒப்பீனியன் என்றார். அவருக்குச் சொந்தமாக ஒன்று கிடைத்துவிட்டதில் பரம சந்தோஷம்.

இத்தனை வருஷமாக அபத்தம் பேசிச் சம்பளம் வாங்கினவன் பிச்சாண்டி. இப்போது சபை முழுக்க அவன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

மகாராஜா அன்பாகவே சொன்னார். "பிச்சாண்டி, கரை பலம் என்பது எங்கள் ஒப்பீனியன். ஓட்டை என்பது உன்னுடையது. இருந்துவிட்டுப் போகட்டும். நான் கோபிக்கவில்லை."

"இது ஒப்பீனியன் இல்லை மகாராஜா. இருப்பதைச் சொல்கிறேன்."

மந்திரி பட்டென்று பிடித்துக்கொண்டார். "கவனிக்க வேண்டும் பிரபு! ஒப்பீனியன் தப்பாகப் போனால் தண்டனை இல்லை. உண்மை என்று சொல்லி அது தப்பாகப் போனால், அது மகாராஜாவிடம் சொன்ன பொய். கரை உடைந்தால் இவன் சொன்னது உண்மை. நாளை அந்திக்குள் உடையாவிட்டால் பொய். பொய்க்குத் தலையை எடுப்பதுதானே முறை?"

மகாராஜாவின் கை தானாக வாளுக்குப் போயிற்று. "முறைதான். பிச்சாண்டி, ஏன் வம்பு? ஒப்பீனியன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயேன்."

எவ்வளவு சுலபம் பாருங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் தலை தப்பும், மடைத்தெரு போகும். சொல்லாவிட்டால், கரை உடைந்தால்தான் அவன் சொன்னது உண்மையாகும். உடைந்தபிறகு உண்மையை வைத்துக்கொண்டு மிதக்க வேண்டியதுதான். பிச்சாண்டி, "நாளைக் காலை வந்து சொல்கிறேன்" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினான்.

செங்கமலம் நடந்ததைக் கேட்டு ஆடித் தீர்த்துவிட்டாள். "கத்தரிக்காயாமில்ல! அந்த மந்திரிக்குக் கண்ணு எங்க இருக்கு? கரை பாறைன்னு சொன்னானே, அவன் ஒப்பீனியன இங்க கொண்டாந்து இந்த ஓட்டையில வச்சு அடைக்கச் சொல்லுங்க! நிக்குதான்னு பாப்போம்!"

பிச்சாண்டி சட்டியைக் கீழே வைத்தான். "என்ன சொன்னே?"

"ஏன், காதும் அடைச்சுப்போச்சா?"

"இல்லடி. இன்னொரு தடவ சொல்லு."

மறுநாள் காலை பிச்சாண்டி கூப்பிய கையோடு சபைக்குள் நுழைந்தான். "மகாராஜா, யோசித்துப் பார்த்தேன். ஓட்டை என்பது என் ஒப்பீனியன்தான். அதுவும் நோஞ்சான் ஒப்பீனியன். மந்திரியாருடையதுதான் பலம். தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்."

மந்திரி தாடையை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆனால் ஒரு விண்ணப்பம். முதல் கூடை வழக்கத்தை அடியோடு விட்டால் ஊர் ஜனம் வாய்க்கு வந்தபடி பேசும். ஆகையால் இந்த வருஷம் மண்ணுக்குப் பதிலாக, நாட்டிலேயே பலமான ஒப்பீனியனை ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கரையில் வைத்துவிடுவோம். வழக்கம் விட்டுப்போகாது. மகாராஜாவின் பட்டிலும் சேறு படாது."

சேறு படாது என்ற சொல் மகாராஜாவின் காதில் தேனாகப் பாய்ந்தது. "பேஷ்! மேளம் கட்டச் சொல்!"

மந்திரிக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனால் மாலை வந்தது, பல்லக்கு வந்தது, "ஒப்பீனியன் செம்மல் வாழ்க!" என்று கோஷம் வந்தது. பல்லக்கில் ஏறின மனிதனுக்குச் சந்தேகம் எவ்வளவு நேரம் நிற்கும்? நாயனம் முழங்க, சபை முழுவதும் பின்னால் நடக்க, ஊர்வலம் மடைத்தெருவுக்குள் நுழைந்தது. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அதிகாரிகள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தரை காய்ந்திருக்கிறது என்ற ஒப்பீனியனோடு நடந்தார்கள்.

மகாராஜா மட்டும் கீழே பார்த்தார். "பிச்சாண்டி, இங்கே ஈரமாக இருக்கிறதே?"

"தங்களுக்கு அப்படிப் படுகிறதா மகாராஜா? மந்திரியாரைக் கேட்போம்."

"பனியாக இருக்கும் பிரபு" என்றார் மந்திரி, பல்லக்கிலிருந்து.

கொல்லைப்பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். ஓட்டை இப்போது ஓர் அண்டா வாய் அளவுக்கு ஆகியிருந்தது. தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் நாயனமே கேட்கவில்லை.

"மந்திரியாரே," என்றான் பிச்சாண்டி, "இந்த இடத்தில் எனக்கு ஒரு ஓட்டை தெரிகிறது. என் ஒப்பீனியன்தான். தங்கள் கண்ணுக்கு?"

மந்திரி பார்த்தார். மகாராஜாவும் அவரைப் பார்த்தார். சபை முழுக்கப் பார்த்தது. அத்தனை பேர் நடுவில் அவர் வேறு என்ன சொல்வார்? "எனக்கு எதுவும் தெரியவில்லை. கெட்டியான மண்."

"நல்லது. மண் கொட்டுவதாக இருந்தால் இங்கேதான் கொட்டியிருப்போம். தங்கள் ஒப்பீனியனை இங்கேயே வைத்துவிடுங்கள்."

"எப்படி வைப்பது?"

"அது தங்களிடம்தானே இருக்கிறது? தங்களைவிட்டுத் தனியாக வருமா? தாங்களே உட்கார்ந்துவிட வேண்டியதுதான். கெட்டியான மண்தானே, பயம் என்ன?"

"நியாயமாகத்தானே படுகிறது" என்றார் மகாராஜா.

"அப்படியே பிரபு!" என்றது சபை. மந்திரியின் கழுத்தும் பழக்கத்தில் ஆடிவிட்டது. ஆடினபிறகு மறுக்க முடியுமா?

மந்திரி மாலையைச் சரிசெய்துகொண்டு, திரும்பி நின்று, மெதுவாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். வித்யாதரர் நல்ல தாட்டியான மனிதர். அவர் உட்கார்ந்த உட்காரலில் ஓட்டை கச்சிதமாக அடைபட்டது. தண்ணீர் நின்றது. நாயனம் மறுபடியும் கேட்டது.

"பார்த்தீர்களா மகாராஜா!" என்று பிச்சாண்டி கைதட்டினான். "மண்ணே வேண்டாம்! ஒப்பீனியன் என்னமாய் நிற்கிறது!"

மகாராஜா மகிழ்ந்துபோனார். "மந்திரியாரே, வெற்றி! எழுந்து வாரும். அரண்மனைக்குப் போய் விருந்து சாப்பிடுவோம்."

மந்திரி எழவில்லை. அவர் முகம் ஒருமாதிரி வெளுத்திருந்தது. முதுகுக்குப் பின்னால் குளிர்ந்த தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. அதோடு, அந்த வளையின் பழைய நண்டு வீட்டில்தான் இருந்தது.

"இங்கேயே கொஞ்சம் காற்றாட உட்கார்ந்திருக்கிறேன் பிரபு. ஆ!"

"எழுந்து வாரும் என்கிறேன்!"

ராஜகட்டளை. மந்திரி ஒரு விரற்கடை எழுந்தார். அவ்வளவுதான். பக்கவாட்டில் தண்ணீர் பீறிட்டு நேராக மகாராஜாவின் மார்பில் அடித்தது. சீனப்பட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டது, முறுக்கு மீசை மோவாய்வரை தொங்கிவிட்டது. மந்திரி அலறிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

"மண்! யாராவது மண் கொண்டு வாருங்கள்!"

"மண் எதற்கு சுவாமி?" என்று பிச்சாண்டி பணிவாகக் கேட்டான். "கரை பாறை அல்லவா?"

"ஐயோ, உடையப் போகிறதய்யா!"

"இது தங்கள் ஒப்பீனியனா? எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். ஆனால் மற்றவர்களுக்கும் வேறு ஒப்பீனியன் இருக்கலாம் அல்லவா? இதோ இவரைக் கேட்போம், அவரைக் கேட்போம்..."

"ஒருத்தனையும் கேட்க வேண்டாம்! எனக்கு ஒப்பீனியனே கிடையாது! இது உண்மை! சத்தியம்! என் முதுகுக்குப் பின்னால் ஏரி இருக்கிறது! அது மீன்தான்! கத்தரிக்காய் இல்லை! மண்ணைப் போடுங்கடா, உங்கள் காலில் விழுகிறேன்!"

காலில் விழ அவர் எழுந்துவிடுவாரோ என்று மடைத்தெரு முழுக்கப் பதறியது.

மகாராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தார். அப்போது சுவர் ஓரத்தில் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, தண்ணீரில் நின்றிருந்த பொன்னாத்தாள் அவர் கண்ணில் பட்டாள். அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகாராஜாவின் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கூடை எங்கே?" என்றார்.

செங்கமலம் தயாராக நிரப்பி வைத்திருந்தாள். மகாராஜா தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வழுக்கி, முழங்காலில் விழுந்து, எழுந்து, முதல் கூடையைக் கொட்டினார். அது விழுந்ததுதான் தாமதம். மடைத்தெரு மொத்தமும் பாய்ந்தது. வைக்கோலும் களிமண்ணும் எடுத்துக்கொண்டு ஆட்கள் ஏரிப்பக்கம் இறங்கி வளையின் வாயை அடைத்தார்கள். இந்தப் பக்கம் அதிகாரிகள் வரிசையாகக் கூடை சுமந்தார்கள். மந்திரி நடுவில் உட்கார்ந்து, "இன்னும் போடுங்கள், இடதுபக்கம் போதாது, இன்னும் ஒரு கூடை!" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். கரையில் ஒரு கூடை மண்கூட வேண்டாம் என்று சொன்ன மனிதர், இடுப்புவரை மண் ஏறியும் போதாது என்றார். கடைசியில் அவரை நாலு பேர் பிடித்து இழுத்தபோது நண்டும் கூடவே வந்தது.

தண்ணீர் நின்றது. சொட்டுக்கூட இல்லை. மகாராஜா சேற்றிலேயே உட்கார்ந்து, மந்திரியையும் அவர் வேட்டியைப் பிடித்துத் தொங்கிய நண்டையும் பார்த்தார். இப்போது சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையும் சிரித்தது. அன்றைக்கு யாரும் அவர்களைச் சிரிக்கச் சொல்லவில்லை.

சிரித்து ஓய்ந்து, சேறு படிந்த தன் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். "பிச்சாண்டி, தலை போகாது, தைரியமாகச் சொல். இந்த மகாராஜாவைப் பற்றி உன் ஒப்பீனியன் என்ன?"

பிச்சாண்டி தலையைச் சொறிந்தான். "நான் சம்பளம் வாங்குகிறவன் மகாராஜா. என் பேச்சை நம்ப முடியாது. அதோ, என் பெண்டாட்டியைக் கேளுங்கள்."

செங்கமலம் கையில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். மகாராஜாவை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒருமுறை பார்த்தாள். அவர் கொட்டிய முதல் கூடை பாதிக்குமேல் வழியிலேயே சிந்திக் கிடந்ததையும் பார்த்தாள்.

"மண்ணு சுமக்க லாயக்கில்ல சாமி" என்றாள். "ராசாவா இருந்துட்டுப் போங்க."

பிச்சாண்டி கண்ணை மூடிக்கொண்டான். மகாராஜா சிரித்த சிரிப்பு ஏரியின் அக்கரைவரை கேட்டது. காது, கழுத்து, விரல் என்று ஒரு நகை பாக்கியில்லாமல் கழற்றி அவள் முந்தானையில் போட்டுவிட்டு, மகாராஜா அடுத்த கூடையைச் சிந்தாமல் தூக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார். அன்று மாலையே மழை பிடித்து அடைமழையாகக் கொட்டியது. கரை நின்றது. மடைத்தெருவில் பொன்னாத்தாளின் பிள்ளை நன்றாகத் தூங்கியது.